நாற்பதாம் பக்கத்தில் பிடிபட்ட கொலைகாரன்

ஜனவரி 4, ஞாயிறு

பற்பசைக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கடைவாய்ப் பல் சிரித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் பாளையங்கோட்டையில் பல் வைத்தியம் பார்த்ததில் சிரிக்கிற பல்லை நான் சந்தித்ததே இல்லை.

காலையில் வேதக்கோயிலில் போதகர் புத்தாண்டுத் தீர்மானங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். இந்த வருடம் பொய் சொல்வதில்லை என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிளினிக்குக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிற நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு யாரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, சுலபமாகத் தாக்குப்பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானமே சோதனை வந்துவிட்டது. கோமதிநாயகம் சார் கையில் ஒரு பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். மின்வாரியத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர். மனைவி லோகா இறந்து ஆறு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேர் சிகிச்சைக்கு என்னிடம் வந்தார். காத்திருக்கும் நாற்காலியில் நான் வைத்திருந்த துப்பறியும் நாவலை எடுத்து வாசித்துவிட்டு, உள்ளே வந்ததும் பல்லைக் காட்டுவதற்கு முன்னால் கொலைகாரன் யாரென்று என் காதில் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் புத்தகங்களை மாற்றிக்கொள்கிறோம். ஊரில் துப்பறியும் நாவலை மேலட்டை தெரியும்படி பிடித்து வாசிக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பொட்டலத்தில் அவரே எழுதி அச்சடித்த நாவல் இருந்தது. பெயர், ‘சாம்பல்நிறக் குடிமக்கள்’. 2094-ல் உலகம் நாசமாகப் போயிருக்கிறது, அங்கே ஒரு கொலை விழுகிறது.

மகள் சங்கரி பூனேயில் இருக்கிறாள். வந்து எங்களோடு இருங்கள் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறாளாம். “புத்தகம் நல்லா வந்திருக்குன்னா இங்கயே இருந்து ரெண்டாவத எழுதுதேன். இல்லன்னா மககிட்ட போயிருதேன். ஊரு ஆயிரம் சொல்லும், டாக்டரம்மா. நீங்க சொல்லுததுதான் எனக்குக் கணக்கு” என்றார்.

அவர் போனால் எனக்கென்ன? அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு க்ரவுன் என்கிற உறை மாட்ட வேண்டியிருக்கிறது. பாதியில் விட்ட வேலை எனக்குப் பிடிக்காது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

ஆரம்பித்தேன். 2094-ல் மழையில் நனைய அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்கு மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாமவர் எப்போதும் இருக்கையில் இருப்பதில்லை. இதை வாசித்து நான் நடுங்க வேண்டுமாம். வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் யாரும் இதை எதிர்காலம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லோரும் சாம்பல் நிறச் சட்டை போடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்த நிறத்துக்கு முதுகெல்லாம் வேர்வை தெரியுமே என்ற கவலை யாருக்கும் இல்லை. சாப்பாடு தடை செய்யப்பட்டிருக்கிறது, மாத்திரைதான். மெல்லுகிற வேலையே கிடையாதென்றால் என் தொழில் படுத்துவிடும். இதுவரை எனக்குப் பயம் வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

ஜனவரி 6, செவ்வாய்

கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன். நாற்பதாம் பக்கம்.

தலைமை நீர் அதிகாரி ஒரு கண்ணாடி அறைக்குள் செத்துக் கிடக்கிறார். அந்த நகரத்தில் ஒருவருக்கும் பெயர் கிடையாது, எண்தான். துப்பறிகிறவர் நாற்பத்தேழு. செத்தவர் மூன்று. செத்தவரின் மனைவி பன்னிரண்டு. நாற்பதாம் பக்கத்தில் மாத்திரைத் தட்டோடு ஓர் உதவியாளன் உள்ளே வருகிறான். அவன் பெயர் சோமசேகரன்.

ஊர் முழுக்க எண், ஒருத்தனுக்கு மட்டும் முழுப் பெயர். வேறு யார் கொல்லப்போகிறார்கள்? இன்னும் இருநூற்றுச் சொச்சம் பக்கம் இருக்கிறது. நாற்பத்தேழு ஜன்னலோரம் நின்று மனித குலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறார். யாராவது அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் தேவலை.

ஜனவரி 8, வியாழன்

கண்ணாடி அறையின் மின் இணைப்பைப் பற்றி ஏழு பக்கம். பிணத்தைப் பற்றி இரண்டு வரி.

ஜனவரி 9, வெள்ளி

ஒன்பதாம் அத்தியாயம். இதைப் பற்றி ஒன்றும் கிண்டலாகச் சொல்ல வரவில்லை.

பன்னிரண்டு, அதாவது அந்த மனைவி, கொலைக்கு முந்தின ராத்திரி ஜன்னலை எல்லாம் ஈரத் துணி வைத்து அடைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகச் சொதி வைக்கிறாள். வாசம் வெளியே போனால் சிறைக்குப் போக வேண்டும். முதல் பால், இரண்டாம் பால் என்று தேங்காயைத் தனித்தனியாகப் பிழிகிறாள். இஞ்சிச் சாற்றை விட்டுவிட்டு, திரிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியோடு நிற்கிறாள். புருஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும், “நாளைக்கும் இருப்பியா?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம்.

மற்ற அத்தியாயங்களை எழுதின கை இதை எழுதவில்லை என்று சத்தியம் செய்யலாம். அடுப்படியில் பக்கத்தில் நின்று பல வருடம் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். யாரைப் பார்த்து எழுதினார் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது.

உதவியாளர் பொன்செல்வியிடம் இன்று காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பிறகு அவளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 10, சனி

முடித்தேன். கொன்றது சோமசேகரன்தான். மழைக்கு அனுமதி கிடைக்காத கோபமாம்.

ஜனவரி 13, செவ்வாய்

சார் க்ரவுனுக்கு அளவு கொடுக்க வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும், “முடிச்சிட்டீங்களா?” என்று ஆரம்பித்தார். உடனே பஞ்சை வைத்தேன். ஒரு பஞ்சு போதும். நான் நான்கு வைத்தேன். பிறகு அளவெடுக்கிற மாவைத் தட்டில் குழைத்து வாய்க்குள் அழுத்திவிட்டு, அசையக் கூடாது சார் என்று சொன்னேன். மாவு எப்போதோ இறுகிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன், நாற்பத்தேழு மாதிரி. பொன்செல்விதான், “அக்கா, அது கல்லா போச்சு” என்றாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்த மாதிரிப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? பிரமாதம் சார், கீழே வைக்க முடியவில்லை, கொலைகாரன் யாரென்று கடைசிவரை பிடிபடவே இல்லை என்றேன். ஒன்று சொல்லப்போய் மூன்று பொய்யாகிவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. பூனேக்கு இப்போதைக்கு வரவில்லை என்று மகளிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி வாசகர் வட்டம் வெளியீட்டு விழா வைக்கிறதாம், நான் மேடையில் பேச வேண்டுமாம். சரியென்று தலையாட்டினேன். கெட்டிக்காரி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தெரு முழுக்கக் கரும்பு கடிக்கிறார்கள். நாளை முதல் எனக்குக் கூட்டம்.

நாவலை இன்னொரு தடவை வாசிக்கிறேன். மேடையில் பேச வேண்டுமே, அதற்காக.

ஜனவரி 22, வியாழன்

பேச்சை எழுதினேன். “தமிழுக்கு ஒரு புதிய வாசல்” என்று எழுதி அடித்துவிட்டு, “ஒரு புதிய சாளரம்” என்று மாற்றினேன். வாசல் என்றால் ரொம்ப அதிகம்.

பிளெக்ஸில் ‘பல் மருத்துவர் எப்சிபா அவர்கள்’ என்று பெரிதாகப் போட்டு, சாரின் பெயரை எனக்குக் கீழே சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் ஏதோ இலவசப் பல் பரிசோதனை முகாம் மாதிரி இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

விழா முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் கூட்டம். சாம்பார் வாசம் சுவரில் ஊறியிருந்தது. கூட்டம் பரவாயில்லை, புத்தக மேசையில் வாங்குவதற்கு ஆட்கள் நிற்கவும் செய்தார்கள். சார் புது வேட்டி கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

நம் ஊர் வெளியீட்டு விழாக்களின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேச வருகிறவர் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். கதையைச் சொன்னால்தானே புத்தகத்தை வாசித்தார் என்று நாலு பேர் நம்புவார்கள். குடும்பக் கதை, சமூகக் கதை என்றால் இதில் பெரிய சேதம் இல்லை. ஆனால் இந்த வட்டத்தில் இதுவரை யாரும் கொலை மர்ம நாவலை வெளியிட்டதில்லை. என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தலைவர் பேராசிரியர் தாணுமாலயன் முதலில் எழுந்தார். முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் வாசித்துவிட்டுப் பேசுவதில் நாற்பது வருட அனுபவம் உள்ளவர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முதல் வாக்கியமாகச் சொன்னார்: “நீர் அதிகாரியைக் கொலை செய்த சோமசேகரன் என்கிற இந்த ஒப்பற்ற பாத்திரம்...”

சாரின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். வேர் சிகிச்சையில் மரப்பு ஊசி பிடிக்காதபோது கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வலியைப் பார்த்ததில்லை. அடுத்து வந்தவர் ஒரு தலைமையாசிரியர். பேராசிரியர் முடிவை மட்டும்தான் சொன்னார், நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன் என்று தொடங்கினார். சொன்னார். மின் இணைப்பைக் கூட விடவில்லை. புத்தக மேசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக பஜ்ஜித் தட்டின் பக்கம் நகர்ந்தார்கள். இனி வாங்கி என்னத்துக்கு? மேசைக்குப் பின்னால் இருந்தவர் கட்டு பிரித்த புத்தகங்களை மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். கையில் புதிய சாளரம் இருந்தது. மைக் முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டைக் கட்ட விடக் கூடாது. கட்டினால் சார் பூனேக்கு ரயில் ஏறிவிடுவார்.

“பேராசிரியர் ஐயா மன்னிக்கணும். சோமசேகரன் கொல்லவில்லை” என்றேன்.

பஜ்ஜிப் பக்கம் அமைதியாகிவிட்டது. நூலாசிரியர் நம்மை எல்லாம் நன்றாக ஏமாற்றியிருக்கிறார், பெயருள்ள ஒருவனைக் காட்டிவிட்டு உண்மையான கொலையாளியை எண்ணுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார் என்று அடித்துவிட்டேன். எது வாயில் வந்ததோ அதைச் சொன்னேன், ஆனால் வந்தது கோவையாக வந்தது. நகரத்தில் யார் வீட்டிலும் இல்லாத அடுப்பு யார் வீட்டில் இருக்கிறது? செத்தவர் கடைசியாகச் சாப்பிட்டது மாத்திரையா? ஜன்னலை ஈரத் துணியால் அடைத்தது வாசத்துக்காக மட்டுமா? “ஒன்பதாம் அத்தியாயத்தை நிதானமா வாசிச்சுப் பாருங்க. கொன்றது பன்னிரண்டு” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மேசையை மொய்த்துவிட்டார்கள். பேராசிரியரே வரிசையில் நின்று ஒன்று வாங்கினார். கையில் இருந்த இலவசப் பிரதியை என்ன செய்தாரோ. கொண்டுவந்த புத்தகம் எல்லாம் தீர்ந்தது. பெருமையோடு சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது. போர்த்திய சால்வையைக் கூட அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

க்ரவுன் லேபிலிருந்து வந்துவிட்டது. சார் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: “க்ரவுனைப் பூனேயில் போட்டுக்கொள்கிறேன், டாக்டர்.”

டாக்டரம்மா இல்லை. டாக்டர்.

ஜனவரி 28, புதன்

அவர் அளவுக்குச் செய்த க்ரவுன் இங்கே என் மேசையில் இருக்கும்போது பூனே டாக்டர் எதை மாட்டுவாராம்? எவ்வளவு அறிவுகெட்ட பேச்சு.

ஜனவரி 29, வியாழன்

ஒரு ஞானப்பல் எடுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

பொன்செல்வி விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். சாருக்கு நாளை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட்டாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க ஏற்பாடாம். கருவிகளைக் கழுவிக்கொண்டே, சார் வருகிற அன்றைக்கு மட்டும் நான் என் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடச் சொல்கிறேன் என்பதையும் ஒரு தகவலாகச் சொன்னாள். அவளை மறுபடி திட்டினேன். இந்த முறை முறுக்கு கிடையாது.

நாவலை மூன்றாவது தடவை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் மோசமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 31, சனி

கிளினிக்கை அடைத்துவிட்டுப் பெருமாள்புரத்தில் சார் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. வாங்க என்று சொன்னார், உட்காருங்க என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

எல்லாப் பிரதியும் விற்றுவிட்டதே, அப்புறம் எதற்குப் பயணம் என்று கேட்டேன். அவர் பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் முடிவு உங்களுக்குப் பிடிக்கல. பிடிச்சிருந்தா மேடையில வேற முடிவு எதுக்கு? அது எனக்கு அங்கயே வெளங்கிட்டு. அதக் கூட விட்டுருதேன்.” கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “பன்னிரண்டு யாருன்னு உங்களுக்குத் தெரியாதா, டாக்டர்? என் லோகாவ எதுக்குக் கொலகாரி ஆக்குனீங்க?”

தெரியும் என்றேன். ஒன்பதாம் தேதியே தெரியும் என்றேன். இதற்கு மேல் மழுப்ப எனக்குத் தெம்பில்லை.

“சார், அந்தப் புத்தகத்துல உசுரோட இருக்கது அவங்க ஒருத்தங்கதான். மத்தவங்க எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு கொசுவக் கொல்ல முடியாது. அவசரத்துக்கு ஒரு கொலகாரி வேணும்னு தேடுனேன், நிஜமான ஆள்னு அவங்கதான் கெடச்சாங்க. தப்புதான்.”

அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்தார். உள்ளே போனார். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நாவல் இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து, நாற்பத்தேழுமா உயிரோடு இல்லை என்று கேட்டார். நாற்பத்தேழு பிணத்தை விட மோசம் என்றேன், பிணமாவது ஒரு இடத்தில் கிடக்கிறது. ஜன்னலோரச் சிந்தனைகள்தான் நாவலின் ஆன்மா என்றார். ஆன்மா சரி, கால் வலிக்காதா அந்த மனிதனுக்கு என்றேன். மழைச் சீட்டைச் சொன்னேன். சோமசேகரன் பெயரைச் சொன்னேன். அது ஒரு நுட்பம் என்று வாதாடினார், நாற்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன் என்றதும் முகம் சிவந்துவிட்டது. மின் இணைப்பு ஏழு பக்கத்தில் ஒரு வரியைக் கூட எடுக்க முடியாது என்று மேசையைத் தட்டினார். அந்த அறையில் அவரைவிடச் சத்தமாக நான் பேசியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

“இம்புட்டு மோசமான புத்தகத்த மூணு தடவ எதுக்கு வாசிச்சீங்க?” என்றார். மூன்று தடவை என்று சண்டையின் நடுவில் நானே உளறியிருக்கிறேன்.

பதில் சொல்ல இரண்டு மூன்று பொய்கள் கைவசம் இருந்தன. மேடைப் பேச்சுக்காக, க்ரவுனுக்காக, தமிழுக்காக.

“நீங்க எழுதுனது. அதான். எனக்கு நீங்க போகக் கூடாது.”

அதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது அவரை விட எனக்குத்தான் அதிர்ச்சி. காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஸ்டேஷனுக்குப் போக வந்த கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, பிறகு பொறுமையில்லாமல் இன்னொரு தடவை. சார் எழுந்து போனார். பெட்டிகளைத் தாண்டித்தான் போனார், தொடவில்லை. வெளியே அவர் குரல் கேட்டது.

“நீங்க போயிட்டு வாங்க தம்பி. இங்க இன்னும் மூணாவது அத்தியாயமே முடியல.”

பிப்ரவரி 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலையிலேயே பெருமாள்புரம். நாலாம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை சண்டை போட்டோம். அடுத்த பதிப்பில் சோமசேகரனுக்கு எண் கொடுக்க ஒத்துக்கொண்டார். நாற்பத்தேழை உட்காரவைக்க மாட்டேன் என்கிறார். சங்கரி போனில் என்னிடமும் பேசினாள், அப்பா யாரோடு இப்படிக் கத்துகிறார் என்று கேட்டாள். என்னோடுதான் என்றேன். சரி ஆன்ட்டி என்றாள்.

ஒன்பதாம் அத்தியாயம் வந்தபோது இருவரும் ஒரு வரியைக் கூடத் தொடவில்லை. பக்கங்களைத் திருப்பி அடுத்ததற்குப் போனோம்.